கம்பியில்லாத் தொடர்பும் அளவுகோலும்



இலங்கையின் வடமுனையாகிய பருத்தித்துறையில் 1916ஆம் ஆண்டில் எழுப்பப்பெற்ற வெளிச்சவீடு ஒன்று உண்டு. அதன் ஒளியை ஒரு கப்பல் கண்டாலும் ஒன்பது கப்பல்கள் கண்டாலும் விளக்குக்கு ஆகும் செலவு ஒன்றே. செய்தியை அளந்து விற்கும் வழக்கத்தைப் பற்றிப் பேசப் புகும்போது இவ்விளக்கே முதலில் நினைவுக்கு வருகின்றது.

தந்திக்குச் சொற்கணக்கில் கட்டணம் வாங்கினார்கள். ட்ரங்க் அழைப்புக்கு மூன்று நிமிடம் ஓர் அளவு. ஆதலின் தந்தி எழுதுவோர் சொல்லைச் சுருக்கினர். தந்திச் சேவகனைப் படலையில் கண்டதுமே வீட்டுப் பெண்கள் அழத் தொடங்கியதும் உண்டு. வானொலி இவ்வழக்கை மாற்றியது. தந்தித் திணைக்களத்தின் பொறியியலாளர் எட்வர்ட் ஹார்ப்பரின் முயற்சியால், 1925 டிசம்பர் 16இல் கொழும்பில் முறையான ஒலிபரப்புத் தொடங்கிற்று. கைப்பற்றப்பட்ட ஜெர்மானிய நீர்மூழ்கிக் கப்பலொன்றின் கருவிப் பாகங்களைக் கொண்டே முன்னோடிச் சோதனைகள் நிகழ்ந்தன. கேட்போர் பெருகியதால் ஒலி குறையவில்லை.

எனினும் வானொலிப் பெட்டிக்கும் தீனி வேண்டுமன்றோ? 1990 ஜூனில் போர் மீண்டும் மூண்டபின் யாழ்ப்பாணக் குடாநாட்டில் மின்சாரம் நின்றது. பற்றரிகளும் தடைசெய்யப்பட்ட பொருட்களாயின. அப்போது மக்கள் துவிச்சக்கர வண்டியை நிறுத்தி, டைனமோவிலிருந்து இரு கம்பிகளை வானொலிக்குக் கொடுத்து, மிதியைச் சுற்றினர். சுற்றும் கை தளர்ந்தால் குரலும் தளரும். ஒருவர் களைத்தபோது மற்றொருவர் சுற்றினார். அவ்வாறுதான் பி.பி.சி. தமிழோசையின் செய்தியை அயலவர் ஒருங்கே கூடியிருந்து கேட்டனர். ஒருவரது உழைப்பில் முற்றம் முழுவதும் செய்தி பெற்றது.

2002ஆம் ஆண்டின் போர்நிறுத்தத்துக்குப் பின்னரே கையடக்கத் தொலைபேசி குடாநாட்டில் பரவலாயிற்று. இணையமும் கம்பியின்றி வந்தது. ஆனால் இது வானொலியைப் போன்றதன்று. இங்கே ஒவ்வொருவருக்கும் தனித்தனிப் பிரதி செல்கின்றது. ஒரு கோபுரத்தின் அலைவரிசையை அதன் கீழுள்ளோர் அனைவரும் பங்கிட்டுக்கொள்ளல் வேண்டும். ஆகவே அளவு வைப்பதில் ஓரளவு நியாயம் உண்டு என்பதை யான் மறுக்கவில்லை. நெரிசல் இல்லாத நேரத்திலும் அதே அளவுகோலைப் பிடிப்பதுதான் வழக்குக்குரியது. நிறுவனங்களும் இதனை உணர்ந்தே, நள்ளிரவுக்குப் பிந்திய நேரத்துக்கெனத் தனியாக டேட்டா ஒதுக்கிப் பொதிகளை விற்றன. அதனால் விழித்திருந்து பதிவிறக்கிய மாணவர் எத்தனை பேர்!

இந்நிலையில் வந்தது மென்பொருட் புதுப்பித்தல் என்னும் அழையா விருந்தாளி. 2015 ஜூலையில் வெளியான விண்டோஸ் 10, வீட்டுக் கணினிகளில் புதுப்பித்தல்களைத் தானாகவே இறக்கியது. ஒரு பெரிய புதுப்பித்தல் 3 கிகாபைட்டையும் தாண்டும். கணினியின் பாதுகாப்புக்கு அது தேவை என்பது உண்மையே. ஆயினும் எப்போது இறக்குவது என்று முடிவுசெய்தவர் அமெரிக்காவில் இருந்தார். பணம் கொடுத்தவர் மாத நடுவில் டேட்டா தீர்ந்து திகைத்தார். இணைப்பு அளவிடப்பட்டது எனக் கணினிக்கு அறிவிக்கும் வசதி வைஃபைக்கு முன்னரே இருந்தது. கம்பிவழி இணைந்த கணினிகளுக்கோ 2017இலேயே அது கிடைத்தது. முற்பணம் செலுத்தும் ஏழை வீடுகளில் புதுப்பித்தலையே நிறுத்திவைத்தோர் உண்டு. அவர்களது கணினிகளே தீநிரல்களுக்கு எளிதில் இரையாகும்.

2015 ஜூலையில் கூகிள் நிறுவனத்தோடு அரசு உடன்படிக்கை செய்தபோது, வானத்துப் பலூன்கள் தீவு முழுவதற்கும் இணையம் தரும் என்றார்கள். 2016 பெப்ரவரியில் சோதனைப் பலூன் ஒன்று கம்பளைப் பக்கத்துத் தேயிலைத் தோட்டத்தில் இறங்கியது. அவ்வளவே; திட்டம் நிறைவேறவில்லை.

2020இல் பெருந்தொற்றால் பாடசாலைகள் மூடப்பட்டபோது அளவுகோலின் கடுமை வெளிப்பட்டது. இரு பிள்ளைகள் உள்ள வீட்டில் ஒரே கைபேசி. அதிலும் ஒருவரின் பாடம் முடியுமுன் டேட்டா முடிந்துவிடும். எல்லையற்ற பொதிகள் வேண்டும் என்ற குரல் நாடெங்கும் எழுந்தது. 2021இல் தொலைத்தொடர்புகள் ஒழுங்குபடுத்தும் ஆணைக்குழு அத்தகைய பொதிகளுக்கு வழிசெய்தது. அப்பொதிகளின் விதிகளைப் படித்தவர்கள், குறித்த அளவு கடந்தபின் வேகம் குறைக்கப்படும் என்ற வரியையும் அங்கே கண்டார்கள்.