நெறிகட்டும் இடம்

காலில் முள் தைத்துப் பழுத்தால் தொடையிடுக்கில் நெறி கட்டும் என்பது நாஞ்சில் நாட்டில் அனைவரும் அறிந்தது. அந்த நெறியைத்தான் மருத்துவம் நிணநீர்க் கணு என்கிறது. கீரிப்பாறையில் ரப்பர் பால்வெட்டி ஓய்ந்த என் பெரியப்பாவுக்குப் புராஸ்டேட் புற்றுநோய் அறுவை முடிவானபோது, இடுப்புக்குழிக் கணுக்களையும் நீக்குவதா என்ற வினா எழுந்தது. "வெட்டுனா எல்லாத்தையும் வெட்டிரணும்லா மக்கா?" என்றார் அவர்.

அது நூறாண்டுக்கு மேற்பட்ட கேள்வி. புற்று கணுக்களின் வழியே படிப்படியாகப் பரவுகிறது என்று நம்பிய அமெரிக்க மருத்துவர் ஹால்ஸ்டெட், மார்பகத்தோடு தசையையும் அக்குள் கணுக்களையும் ஒருசேர அகற்றிய தம் அனுபவத்தை 1894இல் வெளியிட்டார். 1904இல் ஹ்யூ ஹாம்ப்டன் யங் புற்றுநோய்க்காகப் புராஸ்டேட்டை முழுமையாக அகற்றியபோது துணைநின்றவரும் ஹால்ஸ்டெட்தான். ஆனால் யங் சென்றது விதைப்பைக்கும் குதத்துக்கும் இடைப்பட்ட வழி. அங்கிருந்து கணுக்களை எட்ட இயலாது. 1940களில் டெரன்ஸ் மில்லின் அடிவயிற்றின் வழியே புராஸ்டேட்டை அடைந்தார். அதன்பிறகே ஒரே கீறலில் இரண்டும் கைக்கு எட்டின.

எட்டுவதையெல்லாம் எடுக்கத்தான் வேண்டுமா? பெர்னார்ட் ஃபிஷர் குழுவினர் 1971இல் தொடங்கிய மார்பகப் புற்று ஆய்வில், கணுக்களில் நோய் தென்படாத பெண்களிடையே, அவற்றை உடனே நீக்கியவர்களும் நீக்காதவர்களும் ஏறத்தாழ ஒரே காலம் வாழ்ந்தனர். ஹால்ஸ்டெட்டின் நம்பிக்கை ஆட்டம் கண்டது.

புராஸ்டேட்டில் விடை அவ்வளவு தெளிவில்லை. குறைவாக நீக்குவதையும் விரிவாக நீக்குவதையும் ஒப்பிட்ட இரு ஆய்வுகள் 2021இல் வெளியாயின: சாவோ பாவ்லோவில் 300 பேர், நியூயார்க்கில் 1,440 பேர். ரத்தத்தில் பி.எஸ்.ஏ. மீண்டும் உயர்வதில் இரண்டிலும் வேறுபாடு இல்லை. நியூயார்க் ஆய்வின் பிந்தைய தொடர்கண்காணிப்பிலோ, விரிவாக நீக்கியவர்களிடம் தொலைவுறுப்புகளுக்கு நோய் பரவுவது குறைந்திருந்தது. வழக்கு இன்னும் முடியவில்லை.

ஐயமில்லாத பயன் ஒன்று உண்டு: நோய் எவ்வளவு தூரம் போயிருக்கிறது என்பதைக் கணு காட்டிவிடும். அதற்கு விலையும் உண்டு: நிணநீர் தேங்கலாம், கால் வீங்கலாம். யானைக்காலைக் கண்ட மண்ணில் இந்த அச்சம் சிறிதன்று. ஆகவே கணுவில் நோய் இருக்கும் வாய்ப்பை முன்கூட்டிக் கணக்கிட்டு, அது 5 சதவீதத்தைத் தாண்டினால் நீக்கலாம் என்று ஐரோப்பிய வழிகாட்டிகள் நெடுநாள் கூறிவந்தன.

பெரியப்பாவின் கணக்கு அந்த எல்லையைத் தாண்டியிருந்தது. அனைத்தையும் சொன்னேன். பட்டையைச் சீவும் கத்தி உள்மரத்தில் பட்டால் மரம் புண்ணாகும் என்பதை வாழ்நாளெல்லாம் அறிந்தவர், சற்று யோசித்தார்.

"அப்போ குணமாக்கதுக்குன்னு உறுதியில்ல, பாக்கதுக்குத்தான். செரி, பாத்திருவோம்."