ஊர்த்தெருவில் விளக்கு, காலனியில் இருட்டு: வர்தா புயல் சொன்ன வரலாறு

2016 டிசம்பர் 12 பிற்பகலில் வர்தா புயல் சென்னை அருகே கரையைக் கடந்தது. சென்னை, திருவள்ளூர், காஞ்சிபுரம் மாவட்டங்கள் இருண்டன. செங்கல்பட்டு அன்று தனி மாவட்டம் அல்ல, காஞ்சிபுரத்தோடுதான் இருந்தது. 500, 1000 ரூபாய் நோட்டுகள் செல்லாது என்று அறிவித்து 34 நாட்கள்தான் ஆகியிருந்தன. கையில் காசில்லை, ஏடிஎம் இயந்திரத்துக்கு மின்சாரமும் இல்லை. அன்றாடக் கூலிக்காரர் வீட்டில் இது என்ன செய்திருக்கும் என்று விளக்க வேண்டியதில்லை.

சென்னையில் விளக்கு எரிந்ததும் இயல்பு நிலை திரும்பியது என்றன தொலைக்காட்சிகள். திருக்கழுக்குன்றத்திலிருந்து மாமல்லபுரம் கடற்கரை வரை நாங்கள் வேலை செய்த காலனிகளில் வாரம் கடந்தும் இருட்டு. கல்பாக்கம் அணுமின் நிலையம் 1984 முதல் இதே கடற்கரையில்தான் மின்சாரம் தயாரிக்கிறது. அதன் உயர் அழுத்தக் கம்பிகள் இந்தப் பகுதி வயல்களின் மேலேதான் போகின்றன.

மின்சாரம் மேலிருந்து கீழே திரும்பும். முதலில் துணை மின் நிலையம், அடுத்து 11 கே.வி. பீடர், பிறகு டிரான்ஸ்பார்மர், கடைசியில் தெருக் கம்பி. 2012 ஜூலையில் வட இந்தியா முழுக்க மின்தொகுப்பு விழுந்தபோது கம்பங்கள் நின்றன, அதனால் ஓரிரு நாளில் மீண்டார்கள். இங்கே கம்பங்களே விழுந்துவிட்டன. அதிக இணைப்புள்ள டிரான்ஸ்பார்மருக்கு முதலிடம் என்றார் ஒரு பொறியாளர். தொழில்நுட்பப்படி அதில் குறை சொல்ல முடியாது. ஆனால் குறைந்த இணைப்புகளோடு கம்பியின் கடைசி முனையில் காலனி ஏன் இருக்கிறது?

அதற்குப் பதில் 1891-இல் இருக்கிறது. அன்றைய செங்கல்பட்டு ஆட்சியர் திரமென்ஹீர் தன் அறிக்கையில், பறையர்கள் குடியிருக்கும் மனைகூட மிராசுதார்கள் உரிமை கொண்டாடும் இடமாக இருந்ததை எழுதினார். அடுத்த ஆண்டு வந்த பஞ்சமி நில ஆணைக்கு வழிவகுத்த அறிக்கை அது. ஊருக்கு வெளியே தள்ளிய அந்தச் சேரிக்குப் பின்னால் ரோடு போனது, குழாய் போனது, கம்பி போனது. எல்லாம் ஊர்த்தெருவில் தொடங்கி இங்கே முடிந்தன.

ஒரு கிராமத்தில் ஊர்த்தெருக்காரர்கள் ஜெனரேட்டர் வாடகைக்கு எடுத்து மோட்டார் ஓட்டினார்கள். காலனிப் பெண்கள் தங்கள் பங்குப் பணத்தோடு போனார்கள். "உங்க டேங்க்கு தனிதானே" என்று திருப்பி அனுப்பிவிட்டார்கள். "கரண்டு இல்லாம இருந்துடுவோம்பா, தண்ணிக்கு எங்க போறது?" என்று ஓர் ஆயா எங்களிடம் கேட்டார். ஏரிக்கரைக் கிணற்றுக்கு நடந்தார்கள். பள்ளிப் பிள்ளைகளும் குடம் தூக்கினார்கள். ஊர்த்தெருவில் கம்பம் தூக்கி நட்ட நாள்கூலிகளில் அதே காலனிப் பையன்களும் இருந்தார்கள்.

இருளர் குடியிருப்பு இன்னும் மோசம். பட்டா இல்லாததால் புயலுக்கு முன்பே இணைப்பு இல்லை. ஆகவே மின்சாரம் இழந்தோர் கணக்கில் அவர்கள் வரவே இல்லை.

2022 டிசம்பர் 9 இரவு மாண்டஸ் புயல் மாமல்லபுரம் அருகிலேயே கரை கடந்தது. அதன்பின் ஒரு பிரிவு அலுவலகத்தில் மனு கொடுத்தோம். எந்தக் குடியிருப்புக்கு எந்த நாளில், எத்தனை மணிக்கு மின்சாரம் திரும்பியது என்ற பட்டியல் மட்டும்தான் கேட்டோம். அப்படிப் பிரித்து எழுதும் வழக்கம் இல்லை என்றார்கள். இனிமேல் எழுதுங்கள் என்று இரண்டாவது மனுவும் கொடுத்திருக்கிறோம். ரசீது கையில் இருக்கிறது.