பத்தாயிரம் துப்பாக்கிகளும் ஓர் ஒப்பந்தப் பிரதியும்

ஒப்பந்தம் என்றால் இரு தரப்பும் சமமாக உட்கார்ந்து கையெழுத்துப் போடும் காகிதம் என்றுதான் நமக்குப் பழக்கம். 1798 ஜூனில் அமெரிக்க அரசும் எலி விட்னியும் செய்துகொண்ட ஒப்பந்தத்தை ஒரு பிரதியாக வாசித்தபோது எனக்கு இந்த நம்பிக்கை ஆட்டங்கண்டது.

பிரான்சோடு போர் மூளும் என்ற பீதி அப்போது. ஸ்பிரிங்ஃபீல்டில் அரசின் ஆயுதச்சாலை இருந்தது. அதன் உற்பத்தி போதவில்லை. தனியாரிடம் போகலாமென்றால், துப்பாக்கி செய்கிறவர்கள் பெரும்பாலும் சிறு பட்டறைக்காரர்கள். சரக்கு வந்த பிறகுதான் காசு என்றால் யார் வருவார்? ஆகவே பட்டறை கட்டவே முன்பணம் தரப்பட்டது. விட்னிக்கு 10,000 துப்பாக்கி, ஒன்றுக்கு 13.40 டாலர், கெடு சுமார் இரண்டு ஆண்டு. கையெழுத்திட்ட அன்று அவரிடம் ஆயுதத் தொழிற்சாலை இல்லை. துப்பாக்கி செய்த அனுபவமும் இல்லை. இருந்ததெல்லாம் பருத்தி ஜின் எந்திரக் காப்புரிமைச் சண்டையில் ஏறிய கடன்தான். (அந்த ஜின் தென் மாநிலங்களில் அடிமைமுறையை இறுக்கியதைத் தனியாகத்தான் எழுத வேண்டும்.)

1800இல் கெடு முடிந்தது. முதல் 500 துப்பாக்கி வந்தது 1801இல். கடைசித் தவணை 1809இல்! அரசு கெடுவை நீட்டியது, முன்பணத்தையும் கூட்டியது. ஏன்?

1801இல் விட்னி வாஷிங்டன் போனார். ஆடம்ஸ், ஜெஃபர்சன் முன்னிலையில் துப்பாக்கி விசைகளைக் காட்டி, எந்தப் பாகமும் எதற்கும் பொருந்தும் என்றார். ஜெஃபர்சன் 1785இலேயே பாரிசில் ஒனோரே பிளாங்கின் பட்டறையில் இதைப் பார்த்தவர். நம்பத் தயாராகவே இருந்தார். 1960இல் ராபர்ட் உட்பரி இந்தத் தொன்மத்தைக் கட்டவிழ்த்தார். எஞ்சிய விட்னி துப்பாக்கிகளின் பாகங்கள் ஒன்றுக்கொன்று மாறிப் பொருந்தவில்லை. அதைச் சாதித்தவர் ஜான் ஹால், 1820களில், ஹார்ப்பர்ஸ் ஃபெரியில், அதாவது அரசு ஆயுதச்சாலையில்.

விட்னியை மோசடிக்காரர் என்று தள்ளிவிட நான் தயாரில்லை. அவர் துப்பாக்கிகளைக் கொடுத்து முடித்தார். ஆனால் 'தனியார் முதலீடு' என்ற சொல்லாடல் எதை மறைக்கிறது? மூலதனம் பெருமளவு அரசுடையது, தாமதத்தின் சுமையும் அரசுடையது; பெயர் மட்டும் விட்னியுடையது. நம்ம பள்ளிக்கூடப் பாடத்திலும் அந்தப் பெயர்தானே நின்றது?

கைவினைஞரின் திறனுக்குப் பதிலாக எந்திரத்தை வைப்பதே தன் நோக்கமென்று விட்னி எழுதியிருக்கிறார். தேர்ந்த கொல்லர்கள் அவருக்குக் கிடைக்கவில்லை. கிடைத்த ஆட்களைப் பழக்கித்தான் வேலை நடந்தது. விலையும் கெடுவும் முன்பணமும் கணக்கில் ஏறின. அந்த ஆட்களின் பெயரை வரலாற்றில் தேடித்தான் பார்க்க வேண்டியிருக்கிறது.