தாத்தாவின் விளையும் மரச்சீனிக் கிழங்கும்

எங்கள் ஊர்ப்பக்கம் தோட்டத்தை 'விளை' என்றுதான் சொல்வோம். கன்னியாகுமரி மாவட்டத்தில் என் தாத்தாவுக்கு ஒரு விளை இருந்தது. பள்ளி விடுமுறை விட்டால் போதும், நான் அங்கேதான் கிடப்பேன். மா, பலா, தென்னை, ஓரத்தில் ஒரு கொல்லாமரம் (முந்திரிதான்!), நடுவில் வரிசை வரிசையாக மரச்சீனி. மற்ற ஊர்களில் இதை மரவள்ளிக் கிழங்கு என்பார்கள்.

தாத்தா கிழங்கைப் பிடுங்கி வருவார். பாட்டி அதை அவித்து, தண்ணீரை வடித்துக் கொட்டிவிட்டு, காந்தாரி மிளகாயை உப்போடு நசுக்கித் தொட்டுக்கொள்ளத் தருவார். ஒருநாள் பாதி தின்ற கிழங்கைத் தூக்கி எறிந்துவிட்டேன். என்னை ஒருபோதும் திட்டாத பாட்டி அன்று திட்டினார். "இது இல்லன்னா அன்னைக்கு நாங்க இல்ல மக்களே" என்றார். எனக்கு ஒன்றும் புரியவில்லை. கல்லூரியில் வரலாறு படிக்க வந்த பிறகுதான் புரிந்தது.

முதல் ஆச்சரியம், மரச்சீனி நம்ம ஊர்ப் பயிரே இல்லை! தென் அமெரிக்காவில் தோன்றியது. போர்த்துக்கீசியர் வழியாக மேற்குக் கடற்கரைக்கு வந்தது. கொல்லாமரமும் மிளகாயும் அப்படி வந்தவைதான். 1498-ல் வாஸ்கோ ட காமா கோழிக்கோட்டுக்கு வந்த காலத்தில் நம் சமையலில் காரத்துக்கு இருந்தது மிளகு. மிளகாய் என்ற பெயரிலேயே மிளகு ஒளிந்திருக்கிறது பாருங்கள்.

கன்னியாகுமரி மாவட்டம் 1956 நவம்பர் 1-ல்தான் தமிழகத்தோடு இணைந்தது. அதற்கு முன் திருவிதாங்கூர். 1880 முதல் 1885 வரை அங்கே ஆண்ட விசாகம் திருநாள் மகாராஜாதான் மரச்சீனியைப் பரவலாகப் பயிரிடச் செய்தவர். சரியாகச் சமைக்காத கிழங்கில் சயனைடு விஷம் இருக்கும். பாட்டி தண்ணீரை வடித்தது அதனால்தான். மக்களின் பயம் போக, மகாராஜா அரண்மனையிலேயே சமைக்கச் சொல்லிச் சாப்பிட்டுக் காட்டினார் என்று ஒரு கதையும் உண்டு.

அதன் அருமை இரண்டாம் உலகப் போரில் தெரிந்தது. திருவிதாங்கூரில் விளைந்த நெல் அங்குள்ளவர்களுக்குப் போதாது. பர்மா அரிசியைத்தான் நம்பியிருந்தார்கள். 1942-ல் ஜப்பான் பர்மாவைப் பிடித்ததும் அந்த அரிசி நின்றுபோனது. ஊரெல்லாம் பஞ்சம். ஏழைகளின் அடுப்பில் வெந்தது மரச்சீனிதான். என் பாட்டிக்கு அப்போது ஏழு வயது.

எங்கோ பல வருடங்களுக்கு முன் நடந்த ஒரு போர், என் பாட்டியின் ஒரு திட்டுக்குள் இருந்திருக்கிறது!

இப்போது தாத்தாவும் இல்லை, பாட்டியும் இல்லை. விளையை விற்றாயிற்று, அந்த இடத்தில் வீடுகள் வந்துவிட்டன. பஞ்சத்தில் என்னென்ன பட்டார்கள் என்று பாட்டியிடம் கேட்டிருக்கலாம். கேட்கவில்லை. உங்கள் வீட்டுப் பெரியவர்கள் எதையாவது "எறியாதே" என்று சொன்னால், ஏன் என்று உடனே கேட்டுவிடுங்கள் நண்பர்களே.