எந்திரத்தின் விரைவும் சூத்திரத்தின் விரைவும்

வட்டம் என்று பெயர் சூடிய நாம், பத்தாம் ஆண்டு மலரில் வட்டத்தின் கணக்கு ஒன்றை நினைவுகூர்வது பொருத்தமே. சொற்சுருக்கத்தின் அருமை கவிஞர்கள் அறியாததன்று. கொங்கு மண்ணில் பிறந்த ஒருவர் கணக்கில் கண்ட சுருக்கம், அவர் மறைந்து அறுபத்தைந்து ஆண்டுகளுக்குப் பின் கணிப்பொறிக்கு விரைவு தந்த வரலாறு இது.

வட்டத்தின் சுற்றளவுக்கும் விட்டத்துக்கும் உள்ள விகிதத்தைப் 'பை' என்பர். கேரளத்து மாதவர் பெயரால் வழங்கும் தொடர் அதனைக் காணும் அழகிய வழி, ஆயினும் மெதுவானது. திருத்தம் எதுவும் சேர்க்காமல் பத்து இலட்சம் உறுப்புகளைக் கூட்டினாலும் ஆறாவது தசம இடத்தில் பிழை தங்கிவிடும். 1949இல் எனியாக் என்னும் மாபெரும் கணிப்பொறி, 1706ஆம் ஆண்டின் மேச்சின் சூத்திரத்தைக் கொண்டு 2,037 இலக்கங்களைக் காண 70 மணி நேரம் உழைத்தது.

சீனிவாச இராமானுஜன் 1887 டிசம்பர் 22 அன்று ஈரோட்டில் பிறந்தார், வளர்ந்தது கும்பகோணத்தில். தாளுக்கும் வழியற்ற வறுமையில் சிலேட்டில் கணக்கிட்டு, முடிவுகளை மட்டுமே ஏட்டில் எழுதிவந்தார். 1914இல் வெளியான அவரது கட்டுரையில் பைக்குரிய தொடர்கள் பல இருந்தன. அவற்றுள் ஒன்றின் முதல் உறுப்பே ஆறு தசம இடங்களைச் சரியாகத் தருகிறது. இரண்டாவதையும் சேர்த்தால் பதினைந்து!

1985இல் அமெரிக்கரான பில் காஸ்பர் இத்தொடரைக் கணிப்பொறியில் ஏற்றி, ஒரு கோடியே எழுபத்தைந்து இலட்சம் இலக்கங்களைக் கண்டார். விந்தை யாதெனில், அத்தொடர் அன்று முழுமையாக நிறுவப்பட்டிருக்கவில்லை. பிறர் வேறு வழியில் கண்ட இலக்கங்களோடு ஒத்துவந்தமையே அதற்குச் சான்றாக நின்றது. 1987இல் போர்வைன் சகோதரர்கள் அதனை நிறுவினர்.

இராமானுஜன் காட்டிய வழியிலேயே சட்நோவ்ஸ்கி சகோதரர்கள், உறுப்புக்குப் பதினான்கு இலக்கங்கள் தரும் தொடரைக் கண்டு, 1989இல் நூறு கோடி இலக்கங்களைக் கடந்தனர். பின்வந்த மென்பொருளாளர்கள் அத்தொடரை வரிசையாகக் கூட்டாமல், இரு பாதிகளாகவும் அவற்றை மேலும் பாதிகளாகவும் பிரித்துக் கணக்கிட்டு ஒன்றுசேர்த்தனர். இதனால் உழைப்பு மேலும் குறைந்தது. 2022இல் எம்மா ஹருகா இவாவோ கண்ட ஒரு கோடி கோடி இலக்கங்களும் அத்தொடரின் வழியே வந்தவை.

எந்திரங்களின் வளர்ச்சிக்கும் இதில் பெரும்பங்கு உண்டு, மறுப்பதற்கில்லை. எனினும் கணிப்பொறி தயங்கும்போதெல்லாம் புதியது வாங்க விரையும் நாம், கணக்கிடும் முறையை ஒருகணம் திரும்பிப் பார்த்தல் நலம். வீண்சொல் நீங்கியும் பொருள் குன்றாதது நற்கவிதை. வீண்கணக்கு நீங்கியும் விடை பிழையாதது நல்ல மென்பொருள். இரண்டுக்கும் ஒரு சிலேட்டே போதுமென்று காட்டியவர், நம் ஈரோட்டில் பிறந்தவர்.