நெல்லைக் காப்பியடித்த புல்

நெல் வயலில் ரொம்ப காலமாக ஒரு டூப்ளிகேட் பிழைப்பு நடத்திக்கொண்டிருக்கிறது. நாம சோறாக்கிச் சாப்பிடுற குதிரைவாலியோட பங்காளிப் புல் அது. நாத்தா இருக்கும்போது பார்த்தால் நெல்லேதான். இலையும் தண்டும் சேருகிற இடத்தில் நெல்லுக்கு ஒரு மெல்லிய சவ்வு இருக்கும், இதுக்குக் கிடையாது. குனிந்து அதைத் தேடினால்தான் ஆள் மாட்டும்.

இந்த ஒற்றுமை சும்மா வந்ததில்லை. களை எடுத்தவர்கள் வித்தியாசமாகத் தெரிந்ததைப் பிடுங்கிப் போட்டார்கள். நெல் மாதிரி இருந்தது தப்பிச்சு விதை போட்டது. சீனாவில் யாங்சி ஆற்றுப் படுகையில் இந்த வேஷம் சுமார் 1000 வருஷத்துக்கு முன்னால் தொடங்கியது என்கிறது 2019-ல் வந்த மரபணு ஆய்வு ஒன்று. இந்த மாதிரி வேஷத்துக்கு ரஷ்ய விஞ்ஞானி வாவிலோவின் பெயரை வைத்திருக்கிறார்கள். (உலகமெல்லாம் சுற்றி விதை சேகரித்த அந்த மனுஷன் 1943-ல் ஸ்டாலினின் சிறையில் செத்துப்போனார். அது தனிப்பதிவுக்கான சோகம்.)

சரி, மேட்டருக்கு வருவோம். 1960-களின் தொடக்கத்தில் ரோம் அண்ட் ஹாஸ் கம்பெனியின் புரோப்பனில் என்ற களைக்கொல்லி சந்தைக்கு வந்தது. அமெரிக்காவில் நெல்லுக்குப் பேர்போன அர்கன்சா மாநிலத்தில் அதுக்கு ஏக வரவேற்பு. பயிர் மேலேயே தெளிக்கலாம், புல் மட்டும் கருகும்! இந்த மருந்து இலைக்குள் ஒளிச்சேர்க்கையை நிறுத்திவிடும். ஆனா நெல்லுக்குள்ள இருக்கிற ஒரு நொதி மருந்தை ரெண்டா வெட்டிப் போட்டுடும். புல்லிடம் அந்த நொதி போதுமான அளவு இல்லை. வெளியே எவ்வளவு நடித்தாலும் உள்ளே இருந்த வித்தியாசத்தில் மாட்டிக்கொண்டது.

முப்பது வருஷம்கூடத் தாங்கவில்லை. எவ்வளவு அடித்தாலும் சாகாத புல் அர்கன்சாவில் இருப்பது 1990 வாக்கில் உறுதியானது. ஆராய்ந்து பார்த்தால், நெல் செய்கிற அதே வேலை! அதே வகை நொதி, மருந்தை அதே மாதிரி வெட்டுகிறது. முதலில் தோற்றம், இப்போ கெமிஸ்ட்ரி. யாரும் சொல்லிக்கொடுக்கலை. வருஷா வருஷம் ஒரே மருந்தை அடித்தார்கள், சாகாதது விதை போட்டது, அவ்வளவுதான். எங்க சாஃப்ட்வேர் பாஷையில் சொன்னா, ஆயிரம் வருஷ வெர்ஷனுக்கு முப்பது வருஷத்துக்குள்ள அப்கிரேட் :-)

கொசுறு: கார்பரில் மாதிரி சில பூச்சிமருந்துகள் இந்த நொதியை முடக்கிடும். புரோப்பனில் அடிச்ச கையோட அதையும் அடிச்சா நெல்லே கருகும். கோஸ்டாரிகாவில் இதையே திருப்பிப் போட்டார்கள். நொதியை முடக்கும் பைப்பரோபாஸை புரோப்பனிலோடு கலந்து, சாகாத புல்லைச் சாகடித்தார்கள். நெல்லுக்கும் அதே நொதிதான் காவல் என்பதால், அளவு பார்த்துக் கலக்க வேண்டியிருந்தது.