கும்பகோணத்துக்கு வந்த இரண்டு பேர்



உ.வே.சாமிநாதையர் ஊர் ஊராக அலைந்து சுவடி தேடினார் என்று பாடநூல் ஒரே வரியில் முடித்துவிடும். அந்த அலைச்சல் தொடங்கியதே தற்செயலாகத்தான்.

1880. அவருக்கு வயது 25. தியாகராச செட்டியார் ஓய்வு பெற்றதால் கும்பகோணம் கல்லூரியில் தமிழாசிரியர் வேலை இவருக்குக் கிடைத்தது. அதே ஆண்டு சேலம் இராமசாமி முதலியார் அந்த ஊருக்கு முன்சீபாக மாறுதலாகி வந்தார். மாறுதல் உத்தரவில் வேறு ஊர் பெயர் இருந்திருந்தால்? அரசு வேலை பார்த்தவர்களுக்குத் தெரியும், அது எவ்வளவு சின்ன விஷயம் என்று!

திருவாவடுதுறை சுப்பிரமணிய தேசிகர் சொன்னதால் அக்டோபர் 21 அன்று முதலியாரைப் பார்க்கப் போனார். என்னென்ன படித்திருக்கிறீர்கள் என்று கேட்டார் முதலியார். மகாவித்துவான் மீனாட்சிசுந்தரம் பிள்ளையின் மாணவர் அல்லவா, அந்தாதி, கோவை, பிள்ளைத்தமிழ் என்று அடுக்கினார். முதலியார் அசையவில்லை. சிந்தாமணி, சிலப்பதிகாரம், மணிமேகலை படித்ததுண்டா என்றார். இல்லை. பிறகு சிந்தாமணிப் பிரதி ஒன்றைக் கொடுத்துத் தமக்குப் பாடம் சொல்லச் சொன்னார்.

படித்தால் பல இடம் விளங்கவில்லை. சமண நூல், அந்தச் சமயச் சொற்களுக்கு யாரைக் கேட்பது? உள்ளூரிலேயே சமணர்கள் இருக்கிறார்கள் என்று உடன் வேலை பார்த்தவர் ஒருவர் அழைத்துப் போனார். அந்த வீட்டில் தோரணம் கட்டியிருந்தது. என்ன விசேஷம் என்று விசாரித்தால், ஆறு மாதமாக நடந்த சிந்தாமணி படனம் அன்றுதான் நிறைவாம்! உலகத்தில் யாருக்கும் தெரியாத நூல் என்று இவர் நினைத்தது பக்கத்துத் தெருவில் பாராயணமாக நடந்திருக்கிறது. நான் இதைத் தற்செயல் என்பேன். என் மனைவி வேறு சொல் சொல்வாள்.

1887-இல் சிந்தாமணி அச்சில் வந்தது.

எல்லா நாளும் இப்படி அமைந்துவிடவில்லை. கரிவலம்வந்தநல்லூர் கோயிலுக்குப் போனால், பழைய ஏடுகளை நெய்யில் தோய்த்து ஹோமத்தில் போட்டுவிட்டதாகச் சொன்னார்கள். ஆடிப்பெருக்கில் ஆற்றில் விட்டுவிட்டோம் என்று சொன்ன வீடும் உண்டு. அதைக் கேட்ட மனிதர் அடுத்த ஊருக்கு வண்டி ஏறினாரே, எனக்கு அதுதான் பெரிய ஆச்சரியம். நான்காவது, ஐந்தாவது முறை தேர்வெழுதிவிட்டு முடிவுக்குக் காத்திருக்கும் நம் பிள்ளைகள் இதைக் கவனிக்க வேண்டும்.

குறிஞ்சிப்பாட்டில் 99 பூக்களின் பெயர் வரும். கிடைத்த ஏடுகளில் சில பூக்கள் இருந்த பகுதியே இல்லை. தேடித் தேடிக் கடைசியில் தருமபுர ஆதீனத்து ஏடுகளுக்குள் அது அகப்பட்டது. உதிர்ந்த பூக்கள் தம் இடத்துக்குத் திரும்பின. பத்துப்பாட்டு 1889-இல் வெளிவந்தது.